மூன்று பூட்டுகளின் கூட்டாட்சி

உலகத்தில் எத்தனையோ கூட்டாட்சிகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, ஜெர்மனியில் இருக்கிறது, கனடாவில் இருக்கிறது. நியூசிலாந்தில் கிடையாது. ஒரு காலத்தில் இங்கேயும் மாகாணங்கள் இருந்தன; சரிப்பட்டு வராது என்று 1876-ல் கலைத்துவிட்டார்கள். பிறகு ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் கூட்டாட்சியில் சேரச் சொல்லி அரசியலமைப்பில் இந்த நாட்டின் பெயரைக்கூட எழுதிவைத்தார்கள். இவர்கள் போகவில்லை. இப்படிப் பிடிவாதமாக ஒற்றையாட்சியில் கிடந்த தேசத்தின் குறையைத் தீர்த்துவைத்தவர்கள் ஆக்லாந்துத் தமிழர்களாகிய நாங்கள்தான்.

எல்லாம் ஓர் அண்டாவில் ஆரம்பித்தது. இருநூறு பேருக்குச் சோறு வடிக்கக்கூடிய பித்தளை அண்டா. கும்பகோணத்திலிருந்து கப்பலில் வரவழைத்தது தமிழகத் தமிழ் மன்றம். அதற்கு ஈயம் பூச ஆள் தேடிப் பிடித்தது ஈழத்தமிழ் மன்றம். பல வருடம் தன் கராஜில் வைத்துக் காப்பாற்றியது மலேசியத் தமிழ் மன்றம். அண்டா யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது மூன்று மன்றங்களும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. இரண்டு பொங்கல், குக்கரில் பொங்கியது.

அப்போது சமாதானம் செய்ய வந்தவர் திருநாவுக்கரசு. ஊரில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே பிளாட் புஷ் பகுதியில் மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு இது பிடித்துப்போயிற்று. பெர்ன், பெர்லின், பிரஸ்ஸல்ஸ், ஒட்டாவா, கான்பெரா என்று ஒரு சுற்று போய் உலகக் கூட்டாட்சிகளை ஒப்பிட்டுவிட்டு வந்தார். பெல்ஜியம் ஒன்றரை வருடம் புதிய அரசாங்கம் அமைக்காமலேயே ஓடியது என்ற செய்தியை அவர் எங்களுக்குச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. பொறாமையில் என்று நினைக்கிறேன்.

அவர் வரைந்த அரசியலமைப்பின்படி மூன்று மன்றங்களும் மாநிலங்கள் ஆயின. மூன்றுக்கும் மேலே கூட்டாட்சிப் பேரவை. அதன் தலைவர் திருநாவுக்கரசு. கிளென் ஈடன் பகுதியில் நாங்கள் எல்லோரும் கைக்காசு போட்டு வாங்கிய மண்டபம், தேசம். இந்தியாவில் இருப்பது போல அதிகாரங்களுக்கு மூன்று பட்டியல்கள். மேடை பேரவைக்கு. சமையலறை, மாதத்துக்கு ஒரு மாநிலத்துக்கு. கழிவறை பொதுப்பட்டியலில் இருந்ததால் யாரும் கழுவவில்லை. மண்டபம் சரிவில் கட்டியது. அதன் அடியில், பின்பக்க ஓடையைப் பார்த்தபடி ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. அண்டா அங்கேதான். இரும்புக் கதவுக்கு மூன்று பூட்டுகள், மாநிலத்துக்கு ஒரு பூட்டு, மாநிலத்துக்கு ஒரு சாவி. மூன்று சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இதைவிட உயர்ந்த கூட்டாட்சித் தத்துவம் உலகில் இல்லை என்று திருநாவுக்கரசு சொன்னார். மூன்று மாநிலத் தலைவர்களும் சாவியைப் பட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் பெயர் அரவிந்த். தென்காசிக்காரன். பெரிய கடையொன்றின் கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்கேனர் பிடிக்கிற வேலை. என் மனைவி இவோன் மன்னாரில் பிறந்தவள், சண்டைக்குப் பயந்து படகேறி, தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள், பிறகு கோலாலம்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவள். மூன்று ஊர் தண்ணீரும் குடித்தவள் என்பதால் எந்தச் சமையலுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டாட்சி தினம். காலையிலிருந்தே மழை. சாப்பாடு முடிந்து, அண்டாவைக் கழுவித் துடைத்து ஸ்டோர் ரூமில் வைத்தாயிற்று. பூட்டும் சடங்கு தொடங்கியது. குடை பிடித்தபடி மாநிலத் தலைவர்கள் இருவர் வரிசையாகப் பூட்டினார்கள். ஈழ மாநிலத்து சோதிலிங்கம் ‘பூட்டுகிறேன்’ என்றார். மலேசிய மாநிலத்து பூங்கோதை அம்மாள் ‘பூட்டுகிறேன்’ என்றார். தமிழக மாநிலத்துக்குத் தனியாகத் தலைவர் அகப்படாததால் திருநாவுக்கரசே அதையும் பார்த்துக்கொண்டார். அவரும் ‘பூட்டுகிறேன்’ என்றார். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பூட்டும் அதிகாரம் பட்டியலில் இருந்தது. பார்க்கும் அதிகாரம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இவோன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நான் மேலே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்தது. கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் தேங்கி, சிலர் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். என் போன் அடித்தது.

“இஞ்சேருங்கோ, நான் ஸ்டோர் ரூமுக்குள்ள நிக்கிறன். ரம்ளர் அடுக்கப் பின்னுக்குப் போனனான், பூட்டிப்போட்டுப் போயிட்டினம்.”

“கதவைத் தட்டலையா?”

“இந்த மழைச் சத்தத்தில ஆருக்குக் கேக்கும்? தண்ணி வருது. நிலத்தில தண்ணி போற கம்பி மூடியால மேல வருது. கணுக்கால் வரைக்கும் வந்திட்டுது.”

ஓடினேன். பின்பக்க ஓடை அடையாளம் தெரியாமல் பழுப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுகளைப் பிடித்து இழுத்தேன். கூட்டாட்சிக்கென்றே தேர்ந்தெடுத்த பூட்டுகள், அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. அவசர உதவி எண் 111-க்கு அடித்தேன். நகரம் முழுக்க வெள்ளம், வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, முடிந்தவரை விரைவில் வருவார்கள், அதற்குள் கதவைத் திறக்க வழியிருந்தால் திறந்துவிடுங்கள் என்றாள் போனை எடுத்த பெண். சாவி மேலேயே இருக்கிறது என்று நான் நம்பிக்கையோடு சொன்னேன். இவோனை மறுபடி அழைத்து, போனைக் காதில் வைத்தபடி படியேறினேன்.

மேலே பேரவை கூடியிருந்தது. அன்றைய விவாதம், உலகக் கூட்டாட்சிகளில் மேலவை: மாநிலங்களுக்குச் சம இடமா, மக்கள்தொகைப்படியா. திரையில் ஜெர்மனியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு மழைக்கு ஒதுங்கிய நாற்பது ஐம்பது பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். நான் நனைந்தபடி வாசலில் நின்று கையை உயர்த்தினேன்.

திருநாவுக்கரசு என்னைப் பார்த்தார். ஜெர்மனியை முடித்துவிட்டுத்தான் பேச்சை நிறுத்தினார். தனி உறுப்பினர் பேரவையில் நேரடியாகப் பேச முடியாது, தன் மாநிலம் வழியாகத்தான் வர வேண்டும் என்று நினைவூட்டினார். என் மாநிலத் தலைவரும் அவர்தான் என்று சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்து, மேசையின் இந்தப் பக்க நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து என் செய்தியைக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பக்க நாற்காலிக்குப் போய் அதைப் பெற்றுக்கொண்டார்.

நல்லவேளை, செய்தி கேட்டு எல்லோரும் அதிர்ந்தார்கள். பூங்கோதை அம்மாள் நெஞ்சில் கைவைத்தார். சோதிலிங்கம் எழுந்தே விட்டார். எழுந்தவர், இவோன் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவள் என்று கேட்டார்.

பாதிக்கப்பட்டவரின் மாநிலம்தான் கோரிக்கை வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். கல்யாணம் ஆனபிறகு அவள் தமிழக மாநிலம்தானே என்றார் சோதிலிங்கம். பிறப்பால் ஈழ மாநிலம் என்றார் திருநாவுக்கரசு. கடைசியாக இருந்து வந்தது கோலாலம்பூர் என்பதால் மலேசிய மாநிலமாகவும் இருக்கலாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் எங்களிடம் விசாவில்தான் இருந்தாள், குடியுரிமையில் இல்லை என்று பூங்கோதை அம்மாள் மறுத்தார். பிறந்த நாளிலிருந்து அவளைப் பார்த்து எல்லா நாட்டு அதிகாரிகளும் சொன்னதைத்தான் இவர்களும் சொன்னார்கள். போன் என் காதோடுதான் இருந்தது. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

“முழங்காலுக்கு வந்திட்டுது” என்றாள் பிறகு.

நான் அதைச் சத்தமாக அறிவித்தேன். திருநாவுக்கரசு எழுந்து நின்றார். அவர் எழுந்தால் உரை என்று அர்த்தம்.

“தம்பி, உங்க பதற்றம் எனக்குப் புரியுது. ஆனா பதற்றத்துலதான் உலகத்துல கூட்டாட்சிகள் செத்திருக்கு. யூகோஸ்லாவியா செத்துச்சு, சோவியத் யூனியன் செத்துச்சு. நான் அங்கெல்லாம் போயி பார்த்திருக்கேன். மனுஷங்க வருவாங்க, போவாங்க. அமைப்பு நிக்கணும். உங்க மனைவி இப்ப உள்ள நிக்கிறாங்கன்னா, இந்த அமைப்போட பலத்தைச் சோதிக்கத்தான் நிக்கிறாங்கன்னு நாம பெருமையா நினைக்கணும்.”

சிலர் கைதட்டினார்கள். பழக்கம்.

சோதிலிங்கம் சட்டப் பிரச்சினை ஒன்றைக் கிளப்பினார். பாத்திரம் எடுக்கவும் பாத்திரம் வைக்கவும் மட்டுமே கதவைத் திறக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆளை எடுப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே இது எஞ்சிய அதிகாரம். அமெரிக்காவில் எழுதப்படாததெல்லாம் மாநிலங்களுக்கு. அப்படியானால் இவோனை வெளியே எடுப்பது மாநில உரிமை; பேரவை அதில் கைவைக்க ஈழ மாநிலம் ஒருக்காலும் விடாது. கனடாவிலும் இந்தியாவிலும் எஞ்சியதெல்லாம் மத்திக்கு என்று திருநாவுக்கரசு உறுமினார். இருவரும் சுவரில் மாட்டிய உலகப்படத்தின் முன் போய் நின்றுகொண்டார்கள். ஆஸ்திரேலியா யார் பக்கம் என்பதில் கொஞ்ச நேரம் போனது. அவளை எடுக்கும் உரிமைக்காக அவ்வளவு சண்டை போட்டார்கள். எடுக்க மட்டும் யாரும் போகவில்லை.

நான் பூங்கோதை அம்மாளிடம் குனிந்து கெஞ்சினேன். இரக்கமுள்ள மனுஷி. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

“என் சாவிய நான் இப்பவே கொடுத்துடுவேன் லா, தம்பி. ஆனா மொத சாவி எங்களோடதா இருக்கக்கூடாது. மொத பூட்டத் திறந்தவங்கதான் சட்டத்த உடைச்சாங்கன்னு நாளைக்கு பேசுவாங்க. எங்க ஊர்ல ராஜாவே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ முறை வச்சித்தான் மாறுறாரு. அவங்க ரெண்டு பேரும் போட்டதும் மூணாவது ஆளா நான் ஓடி வந்துடுறேன்.”

மற்ற இருவரிடமும் கேட்டேன். அவர்களும் மூன்றாவதாக ஓடிவரத் தயாராகவே இருந்தார்கள்.

எல்லாருக்கும் சம்மதமான ஒரு வழியைத் திருநாவுக்கரசு கண்டுபிடித்தார். அவசரநிலைப் பிரகடனம். அவசரநிலையில் யார் சாவி முதலில் என்பது கணக்கில்லை. ஆனால் பிரகடனத்துக்கு சுவிட்சர்லாந்து முறைப்படி இரட்டைப் பெரும்பான்மை வேண்டும்: உறுப்பினர்களில் பெரும்பான்மை, மாநிலங்களிலும் பெரும்பான்மை. முதலில் உறுப்பினர் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார்.

நான் கையை உயர்த்தினேன். அறையே உயர்த்தியது. ஒரு பெண்மணி குழந்தையின் கையையும் சேர்த்து உயர்த்தினார்; அந்தக் கை செல்லாது என்று தள்ளிவிட்டு எண்ணினார்கள். மழை கூரையில் கொட்டிய சத்தத்தில் எண்ணிக்கை தவறி, இன்னொரு முறை எண்ணினார்கள். நான் கையை இறக்கவே இல்லை.

“இடுப்புக்கு வருது” என்றாள் இவோன். அவள் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. “நீங்க எங்க நிக்கிறீங்க?”

“வாக்கெடுப்புல.”



மாநில வாக்கெடுப்பில் தமிழக மாநிலம் ஆதரித்தது. தமிழகம் ஆதரித்ததால் ஈழ மாநிலம் எதிர்த்தது. அவசரநிலை என்ற பெயரில் மத்திய அரசு மாநிலங்களை விழுங்கிய வரலாறு தெரியாதா என்று கேட்டார் சோதிலிங்கம். மலேசிய மாநிலம் யாரையும் புண்படுத்த விரும்பாமல் நடுநிலை வகித்தது. பிரகடனம் தோற்றது. ஜனநாயக முறைப்படி தோற்றதற்காகத் திருநாவுக்கரசு எல்லோருக்கும் நன்றி சொன்னார். அடுத்த படி, சமரசக் குழு.

மூன்று சாவிகளும் எனக்கு எட்டும் தூரத்தில் மூன்று கழுத்துகளில் தொங்கிக்கொண்டிருந்தன. மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். நான் தினமும் கிடங்கில் இருபது கிலோ பெட்டிகளைத் தூக்குகிறவன். ஐயா, அம்மா, தயவுசெய்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“போனை ஸ்பீக்கரில போடுங்கோ” என்றாள் இவோன்.

மேசை நடுவில் வைத்தேன். வெளியாள் பேச பேரவையில் அனுமதி உண்டா என்று யாரோ கேட்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“ஐயா, கிடாரம் மிதக்குது. வெளிய ஓடைப் பக்கம் ஆரோ வந்து நிக்கினம். தங்கடை மன்றத்தின்ரை கிடாரமாம், ஜன்னலால தரச் சொல்லிக் கேக்கினம். குடுக்கட்டோ?”

கிடாரம் என்றால் அண்டா. அவள் ஊர்ச் சொல்.

மூன்று தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஸ்டோர் ரூமுக்கு ஜன்னலே கிடையாது. காற்றுப் போக ஒரு துவாரம் உண்டு. அதில் ஒரு டம்ளரை நுழைப்பதே சிரமம். மண்டபத்தை வாங்கிய காலத்திலிருந்து மூவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

“எந்த மன்றமெண்டு சொல்லுகினம்?” என்று சோதிலிங்கம் கத்தினார்.

“மழைச் சத்தத்தில விளங்கேல்ல ஐயா” என்றாள் இவோன்.

அதற்குப் பிறகு சுவிட்சர்லாந்து இல்லை, கனடா இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்தார்கள். பூங்கோதை அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் முதலில் இறங்கினார். திருநாவுக்கரசு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். சேற்றில் வழுக்கி விழுந்த சோதிலிங்கம் எழுந்து, ஓடிக்கொண்டே கழுத்துக் கயிற்றை அறுத்தார். கதவின் முன் மூன்று சாவிகளும் மூன்று பூட்டுகளில் ஒன்றாக நுழைந்தன. எது முதலில் திறந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. நான் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றேன். நாதாங்கியை இழுத்து விட்டதும் உள்ளிருந்த தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் தொடையில் வந்து மோதியது.

இவோன் அண்டாவின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அதைக் கவிழ்த்துப்போட்டு, மேலே ஏறி, ரேக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்படியும் இடுப்புக்கு மேல் ஈரம். உதடு நீலம் பூத்திருந்தது. நான் அவளை இறக்கிப் பிடித்தேன். ஐஸ் கட்டி மாதிரி சில்லிட்டிருந்தாள்.

தலைவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அண்டாவை நிமிர்த்தி, விளிம்பைத் தடவி, அடியைத் தட்டிப் பார்த்தார்கள். வேறு யாரும் எடுத்துப் போகவில்லை என்று தெரிந்ததும் மூன்று பேர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. சோதிலிங்கம் திரும்பி இவோனைப் பார்த்தார்.

“பிள்ளை, செருப்போடையே ஏறினனீர்?”

திருநாவுக்கரசு அண்டாவில் கைவைத்தபடி, மழையில் நனைந்தபடி, சுருக்கமாக உரையாற்றினார். மூன்று மாநிலங்களும் ஒரே கணத்தில் ஒரே கதவைத் திறந்தன. பெர்லினிலும் பெர்னிலும் கண்டிராத காட்சி. கூட்டாட்சி ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று ஒப்பீட்டு ஆய்வில் எழுதப்போவதாகவும் சொன்னார். காப்பாற்றப்பட்டவர் மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும், பொன்னாடை மூன்று தயாராக இருக்கிறது, எந்த மாநிலத்துப் பொன்னாடை முதலில் என்பதை மட்டும் பேசி முடித்துவிடலாம் என்றார்.

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. கீல்கள் வெளியேதான் இருந்தன. பூட்டுக்கு எதிர்ப்பக்கம், என் கண் மட்டத்தில் ஒன்று, கீழே இரண்டு. கீலுக்கு ஒரு ஆணி, துருப்பிடித்துத் தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஆணிகளைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்ற ஒரு சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். இரண்டும் என் கார் டிக்கியில் இருந்தன.

இவோன் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். பொன்னாடைக்கு அவள் நிற்கவில்லை. என் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு சரிவில் ஏறி கார் வரைக்கும் வந்தாள்.

“போன் வைக்கேல்ல. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்” என்றாள்.

“ம்.”

“நான் தண்ணிக்குள்ள நிக்கேக்க, நீங்க கை உயர்த்திக்கொண்டு நிண்டனீங்களோ?”

“ஆமா.”

“எத்தினை தரம்?”

“ரெண்டு தடவை எண்ணினாங்க.”

அவள் கையை நீட்டினாள். கார் சாவியைக் கொடுத்தேன். டிரைவர் சீட்டில் ஏறி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே நின்றேன். ஏறுங்கோ என்று அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.